தண்ணீர் விடாத டூனா பாஸ்தா சாலட்

டூனா பாஸ்தா சாலட் சொதப்புவதற்குக் காரணம் முக்கால்வாசி நேரம் தண்ணீர்தான். சரியாக வடியாத பாஸ்தாவில் ஒட்டியிருக்கும் தண்ணீர், டின் மீனில் தங்கிப்போன தண்ணீர், உப்புப் பட்டதும் வெள்ளரிக்காயும் தக்காளியும் விடுகிற தண்ணீர், தயிரிலிருந்து பிரிகிற தண்ணீர். எல்லாம் சேர்ந்து கிண்ணத்தின் அடியில் வெளுத்த குழம்பாக நிற்கும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: பாஸ்தா ஃபிரிட்ஜில் இருந்தபடியே டிரெஸ்ஸிங்கை, அதாவது சாலட்டில் ஊற்றிப் புரட்டும் தயிர்க் கலவையை, உறிஞ்சிக்கொண்டு, மறுநாள் எடுத்தால் வறண்டு கட்டியாக இருக்கும். கீழே உள்ள செய்முறையில் பாதி இந்த இரண்டையும் தடுக்கத்தான். மற்றபடி இது வெட்டிக் கலக்கும் வேலை; தயிர் வடிந்து தயாராக இருந்தால் 35 நிமிடம் போதும், கடைசியில் குளிரவிடும் நேரம் தனி.

4 பேருக்கு வேண்டியவை

பாஸ்தா 250 கிராம்
தண்ணீரில் அடைத்த டின் டூனா 2 டின் (வடித்தபின் 200 முதல் 220 கிராம்)
வேகவைத்த கொண்டைக்கடலை 150 கிராம்
வெள்ளரிக்காய் 1, சிவப்புக் குடைமிளகாய் 1, செர்ரி தக்காளி 150 கிராம், பெரிய வெங்காயம் பாதி
பார்ஸ்லி அல்லது கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி
தயிர் 300 கிராம் (வடித்தால் ஏறக்குறைய 150 கிராம் கெட்டித் தயிர் கிடைக்கும்)
மயோனைஸ் 1 மேசைக்கரண்டி, மஸ்டர்ட் பேஸ்ட் 1 தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி
பூண்டு 1 பல், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு

இந்த அளவில் ஒருவர் பங்குக்குச் சுமார் 480 கலோரியும் 27 கிராம் புரதமும் வரும். கொண்டைக்கடலை வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். ஆனால் சாதாரண பாஸ்தாவில் நார்ச்சத்து குறைவு, மீனில் அறவே கிடையாது. அந்தக் குறையைக் கடலைதான் ஈடுகட்டுகிறது.

முதல் வேலை தயிர்

தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு வடிகட்டிமேல் வைத்து ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வடியவிடுங்கள். முந்தின இரவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கடையில் கிடைக்கும் கிரீக் யோகர்ட் வாங்கினால் இந்த வேலை மிச்சம். கொழுப்பு நீக்கிய தயிர் வேண்டாம். சேமிக்கும் கலோரி கொஞ்சம், அது விடும் தண்ணீர் அதிகம்.

முழுக்க மயோனைஸில் செய்வதுதான் பழைய வழக்கம். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே அளவு கெட்டித் தயிரில் ஏறக்குறைய 15. இருந்தாலும் மயோனைஸை அடியோடு நிறுத்திவிட்டால் சாலட் புளித்து, வாயில் வழவழப்பில்லாமல் இருக்கும். ஒரே ஒரு கரண்டி சேர்ப்பது அதற்காக. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பாஸ்தா

முறுக்கு முறுக்காக இருக்கும் ஃபுசிலிதான் இதற்குப் பொருத்தம். உதிர்த்த மீனும் டிரெஸ்ஸிங்கும் அதன் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். பென்னேயும் நல்லதுதான், குழாய்க்குள் தண்ணீர் நிற்காமல் உதறி வடிக்க வேண்டும். சிப்பி வடிவப் பாஸ்தா பார்க்க அழகு. ஒவ்வொரு சிப்பியும் ஒரு கரண்டித் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கும். ஸ்பகெட்டி போன்ற நீளமானவை சாலட்டுக்கு உதவாது.

250 கிராமுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். நன்றாகக் கொதித்தபின் 25 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரை மேசைக்கரண்டி தூள் உப்பு. பார்த்தால் அதிகமாகத் தெரியும். பெரும்பகுதி வடித்த தண்ணீரோடு போய்விடும். வேகும்போது உப்பு ஏறாத பாஸ்தாவைப் பிறகு எவ்வளவு உப்புப் போட்டாலும் சரிசெய்ய முடியாது. மேலே கரிக்கும், உள்ளே சப்பென்று இருக்கும். உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் பாதி அளவு போட்டு, எலுமிச்சையையும் மிளகையும் கூட்டிக்கொள்ளலாம்.

சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை லேசான கடியோடு இறக்குவார்கள். சாலட்டுக்கு அது சரிப்படாது. ஆறும்போது பாஸ்தாவிலுள்ள மாவுச்சத்து இறுகும். அடுப்பில் சரியான கடியாக இருந்தது ஃபிரிட்ஜிலிருந்து வரும்போது ரப்பராக இருக்கும். ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். ஒரு துண்டை எடுத்து நறுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. முழுக்கோதுமைப் பாஸ்தாவுக்கு இந்தக் கூடுதல் நிமிடம் வேண்டாம், கலக்கும்போது உடையும். நார்ச்சத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பது நல்ல முடிவுதான். கடலை மாவிலும் பருப்பு மாவிலும் செய்த பாஸ்தா புரதத்தில் உயர்ந்தது. ஆனால் குளிர்ந்தால் விறைத்து உதிரும். அன்றைக்கே சாப்பிடுவதானால் மட்டும் வாங்குங்கள்.

வெந்ததும் வடித்து, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். சூடான பாஸ்தாவை அலசக் கூடாது என்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு சாஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் அப்படி. சாலட்டில் அதே மாவு ஆறியதும் பசையாகி, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். முழுக்கக் குளிரும்வரை அலச வேண்டாம், கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வடிகட்டியை ஓங்கி நாலைந்து முறை உதறி, 5 நிமிடம் வடியவிட்டு, அகலமான தட்டில் பரப்புங்கள்.

இப்போது, வெதுவெதுப்பு போவதற்குள், எலுமிச்சைச் சாற்றில் பாதியையும் ஆலிவ் எண்ணெய் முழுவதையும் மேலே ஊற்றிப் புரட்டுங்கள். சூட்டில் பாஸ்தா எதையும் எளிதாக இழுத்துக்கொள்ளும். அது குடிக்க விரும்புவதை இந்தக் கட்டத்திலேயே குடித்துவிட்டால், பிறகு தயிர் டிரெஸ்ஸிங்கைக் கை வைக்காது. தயிரை மட்டும் சூட்டில் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும்.

டூனா

டின் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, வடித்த எடை. டின் பெரிதாக இருந்து பாதி திரவமாக இருக்கலாம். இரண்டு, மீன் துண்டுகளாக இருக்கிறதா, சில்லுகளாக இருக்கிறதா என்பது. சில்லு மலிவு, ஆனால் கலக்கியதும் கூழாகிவிடும். மூன்று, எந்த வகை மீன் என்பது. ஸ்கிப்ஜாக் கொஞ்சம் நிறமும் வாசனையும் கூடியது; அல்பகோர் வெளுத்த, கெட்டியான சதை. சாலட்டில் அல்பகோர் பார்வைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் பெரிய மீனாக வளர்வதால் அதில் பாதரசம் ஸ்கிப்ஜாக்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கர்ப்பிணிகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் அறிவுரைப்படி, ஸ்கிப்ஜாக் முதலான ‘லைட்’ டூனா வாரத்துக்கு 2 முதல் 3 பங்கு, அல்பகோர் என்றால் 1 பங்கு; ஒரு பங்கு என்பது சுமார் 113 கிராம். வாரம் முழுவதும் இந்தச் சாலட்டையே நம்புகிறவர்கள் ஸ்கிப்ஜாக்கோடு நிற்பது மேல்.

தண்ணீரில் அடைத்ததா, எண்ணெயிலா? வடித்தபின் 100 கிராமுக்கு முன்னது 115 கலோரி அளவு, பின்னது 200-ஐ ஒட்டி. சுவையில் எண்ணெய் டின் ஒரு படி மேல் என்பதை மறுப்பதற்கில்லை. அது ஆலிவ் எண்ணெயாக இருந்தால் வடித்த எண்ணெயிலேயே ஒன்றரை மேசைக்கரண்டி எடுத்துப் பாஸ்தாவில் புரட்டலாம், தனியாக எண்ணெய் வேண்டாம். இன்னொன்று: எண்ணெயை முழுக்க வடித்துக் கொட்டும்போது மீனின் ஒமேகா 3 கொழுப்பில் கொஞ்சம் அதோடு போகும். தண்ணீர் டின்னில் அந்த இழப்பு குறைவு.

டின்னைத் திறந்து, மூடியை மீன்மேல் அழுத்திச் சாய்த்து வடிப்பது போதாது. வலைச் சல்லடையில் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்துங்கள். பிழிந்து பொடியாக்கிவிடாமல், சொட்டுவது நிற்கும்வரை போதும். மீன் கவிச்சி அடிக்கிறது என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இந்தத் திரவத்தால்தான். வடித்தபின் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு தெளித்து வைத்தால் கவிச்சிக்குக் காரணமான அமீன்கள் புளிப்பில் அடங்கிவிடும்.

காய்கள்

வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, விதைப்பகுதியைக் கரண்டியால் சுரண்டி எறியுங்கள். மீதியைச் சிறு துண்டுகளாக்கி, கால் தேக்கரண்டி உப்புப் பிசறி 15 நிமிடம் வடிகட்டியில் வைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். செர்ரி தக்காளியை இரண்டாக வெட்டிச் சாறை உதறிவிடுங்கள். பெரிய தக்காளி என்றால் விதையும் சாறும் கட்டாயம் போக வேண்டும். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து குளிர்ந்த தண்ணீரில் 10 நிமிடம் போட்டு வடித்தால் காரம் தணியும், மறுநாள் ஃபிரிட்ஜ் முழுக்க வாடை அடிக்காது. குடைமிளகாய்க்கு எந்த உபசாரமும் தேவையில்லை. எல்லாவற்றையும் கடலை அளவுக்கு வெட்டினால் ஒவ்வொரு வாயிலும் எல்லாம் கிடைக்கும்.

ஆலிவ், கேப்பர்ஸ் (உப்பில் ஊறிய சிறு பூமொட்டு), ஊறுகாய் வெள்ளரி ஆகியவை சேர்க்கலாம். மூன்றும் உப்பில் ஊறியவை என்பதை நினைவில் வையுங்கள்.

கலக்கும் வரிசை

மீதி எலுமிச்சைச் சாற்றில் பூண்டைத் துருவி 5 நிமிடம் விடுங்கள். புளிப்பில் துருவிய பூண்டு அவ்வளவாக உறைக்காது. நேராகத் தயிரில் துருவினால் இரண்டாம் நாள் பூண்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதோடு வடித்த தயிர், மயோனைஸ், மஸ்டர்ட், மிளகுத்தூள் சேர்த்துக் கையால் அடித்துக் கலக்குங்கள். உப்பு இன்னும் வேண்டாம்.

ஆறிய பாஸ்தா, கொண்டைக்கடலை, காய்கள் மூன்றையும் பெரிய பாத்திரத்தில் சேர்த்து, டிரெஸ்ஸிங்கில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றிப் புரட்டுங்கள். மீதி ஒரு பங்கு தனியாக ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மீன் கடைசியில்தான்: பெரிய துண்டுகளாக உதிர்த்து மேலே போட்டு, அடியிலிருந்து மேலாக நாலு புரட்டு. முதலிலேயே போட்டுக் கிளறினால் மீன் டிரெஸ்ஸிங்கில் கரைந்து, சாலட் முழுவதும் ஒரே பழுப்புக் கலவையாகும். தழையைத் தூவி மூடி, அரை மணி நேரமாவது குளிரவிடுங்கள்.

பரிமாறும்போது ஒதுக்கி வைத்த டிரெஸ்ஸிங்கைச் சேர்த்து, அப்போதுதான் உப்புப் பாருங்கள். குளிர்ந்த உணவில் சுவை மங்கித் தெரியும். சப்பென்று இருந்தால் உடனே உப்புக்குப் போகாமல் முதலில் சில சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். 10 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால், குளிரில் உறைந்த ஆலிவ் எண்ணெயும் இளகிவிடும்.

மறுநாள் வறண்டிருந்தால் ஒரு கரண்டி தயிரில் கொஞ்சம் எலுமிச்சையும் இரண்டு கரண்டி பாலும் கலந்து புரட்டுங்கள். வெறும் மயோனைஸைக் கொட்டினால் பிசுபிசுக்குமே தவிர ஈரம் வராது. தண்ணீர் விட்டிருந்தால் கலக்காமல் சாய்த்து வடித்துவிட்டு, ஒரு கைப்பிடி கடலையை மசித்துச் சேர்க்கலாம்.

எவ்வளவு நாள் வைக்கலாம்

4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கும் ஃபிரிட்ஜில், மூடிய பாத்திரத்தில் 3 நாள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். பயம் மயோனைஸைப் பற்றி மட்டும் அல்ல. குளிர்ச்சி இல்லாமல் கிடக்கும் டூனாவில் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கும். முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். வேகவைத்த பாஸ்தாவில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து வெளியிடும் நஞ்சும் உண்டு. இரண்டுமே மறுபடி சூடுபடுத்தினாலும் போகாதவை. ஆகவே வெந்த பாஸ்தாவை ‘ஆறட்டும்’ என்று அடுப்படியில் மறந்துவிடாதீர்கள். திறந்த டின்னில் மீன் மிச்சமிருந்தால் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, 2 நாளில் தீர்த்துவிடுங்கள்.

மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதானால் ஐஸ் பேக் அவசியம். டப்பாவில் டிரெஸ்ஸிங் அடியில், அதன்மேல் பாஸ்தாவும் கடலையும், பிறகு மீன், காய். கீரை வகை இலை ஏதாவது இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே. சாப்பிடும் நேரத்தில் கவிழ்த்துக் கலக்கிக்கொள்ளலாம். ஃபிரீசரில் மட்டும் வைக்க வேண்டாம்: தயிரும் மயோனைஸும் திரிந்து, காய்கள் சொதசொதத்துப் போகும். முன்கூட்டியே செய்து வைக்க நினைப்பவர்கள் வேகவைத்த பாஸ்தாவை மட்டும் கொஞ்சம் எண்ணெயில் புரட்டி உறையவைக்கலாம். வேண்டும்போது கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்து, மற்றதை அன்றன்று சேர்த்துக்கொள்ளலாம்.