ஒளிச்சிதறலால் துகள் அளவை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்கு ஒளிச்சிதறல் கருவி துகளின் விட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. நீர்மத்தில் மிதக்கும் துகள்கள் பிரவுனியன் இயக்கத்தால் (நீர்ம மூலக்கூறுகள் மோதுவதால் எழும் ஒழுங்கற்ற அசைவு) அலைவதால், அவை சிதறடிக்கும் லேசர் ஒளியின் செறிவு கணத்துக்குக் கணம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு வேகமானது என்பதிலிருந்து விரவல் குணகத்தை, அதாவது துகள்கள் நீர்மத்தில் பரவும் வேகத்தின் அளவைக் கண்டு, அதை விட்டம், வெப்பநிலை, நீர்மத்தின் பாகுநிலை ஆகியவற்றோடு இணைக்கும் ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் வழியே கருவி விட்டத்தைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கின் இடைப்படிகளை மறந்து திரையில் வரும் எண்ணை அப்படியே நம்புவதுதான் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

முதலில் தூசு. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் சிதறடிக்கும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. எனவே 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைவிட ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். ஒரு சில தூசுத் துகள்கள் கலந்தாலே, புரதம் போன்ற சிறு துகள்களின் சமிக்ஞை அமுங்கிவிடுகிறது. கரைப்பானை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடிப்பது எப்போதும் நல்லது. மாதிரியையே வடிப்பது வேறு விஷயம்: திரள்கள் உண்டா என்று அறிய வந்தவர், அந்தத் திரள்களையே வடித்து எறிந்துவிடக்கூடும்.

இதே ஆறாம் அடுக்கு இன்னொரு தவறுக்கும் இடம் தருகிறது. ஒளிச்செறிவுப் பரவலில் (எந்த அளவுத் துகள் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்ற வரைபடம்) தெரியும் பெரிய துகள்களின் முகடு, எந்த அளவில் எத்தனை துகள்கள் என்று காட்டும் எண்ணிக்கைப் பரவலுக்கு மாற்றியதும் மறைந்துவிடுவதால், பலர் அந்த அழகான வரைபடத்தையே அறிக்கையில் சேர்க்கிறார்கள். அளவிடப்பட்டது ஒளிச்செறிவு மட்டுமே. மற்றவை அதிலிருந்து வருவித்தவை, மூலத்தில் உள்ள சிறு பிழையையும் பெரிதாக்குபவை. மூன்று மடங்குக்கும் குறைவான வேறுபாடுள்ள இரண்டு அளவுகள் பெரும்பாலும் ஒரே முகடாகவே தெரியும் என்பதால், ஒற்றை முகட்டைக் கண்டு மாதிரி சீரானது என்று முடிவுகட்டுவதும் அவசரம். சராசரியோடு, அளவுகள் எவ்வளவு பரந்துள்ளன என்று காட்டும் பல்பரவல் குறியீட்டையும் தர வேண்டும்.

மாதிரி அடர்த்தியாக இருந்தால் ஒளி பலமுறை சிதறி, துகள்கள் உண்மையைவிடச் சிறியவையாகத் தோன்றும். பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து மீண்டும் அளந்தால் விட்டம் மாறக் கூடாது. மாறினால் முதல் எண்ணைக் கைவிடலாம். நீர்க்கச் செய்யும் ஊடகமும் முக்கியம். மின்னூட்டம் கொண்ட துகள்களைத் தூய நீரில் அளந்தால், அவற்றைச் சூழ்ந்த அயனிகளாலான மின் இரட்டை அடுக்கு விரிந்து விட்டத்தைக் கூட்டிக் காட்டும். 10 மில்லிமோலார் உப்புக்கரைசல் அதைப் பெருமளவு அடக்குகிறது.

வெப்பநிலையைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. நீரின் பாகுநிலை 20 பாகை செல்சியசில் 1.00 மில்லிபாஸ்கல்-நொடி, 25 பாகையில் 0.89. குவெட் (மாதிரியை ஊற்றும் சிறு ஒளிபுகு கலம்) இன்னும் 20 பாகையிலேயே இருக்க, கணக்கு 25 பாகைக்கு நடந்தால், விட்டம் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடிவிடும். குவெட்டை வைத்தவுடன் தொடங்காமல், வெப்பநிலை சமநிலைக்கு வரும்வரை சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டும் விட்டம் இதைவிடச் சிறிதாக இருந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நுண்ணோக்கி உலர்ந்த துகளைக் காட்டுகிறது. ஒளிச்சிதறலோ மேற்பூச்சும் ஒட்டிய நீர்மமும் சேர்ந்து நகரும் நீரியக்க விட்டத்தைத் தருகிறது.