டீசல் பிக்கப்புக்கு ஹெடர் மாட்டலாமா?

காசிமேட்டில் மீன் ஏற்றும் பொலிரோ பிக்கப், தோஸ்த் மாதிரியான டர்போ டீசல் வண்டிக்கு ஹெடர் (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் நீளக் குழாய்கள்) வேண்டாம். மேனிஃபோல்டிலிருந்து வரும் சூடான புகைதான், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைச் சுழற்றுகிறது. நீளக் குழாய் போட்டால் வழியிலேயே சூடு ஆறி பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) தாமதமாகும். லோடோடு கிளம்பும்போது இழுவையே இருக்காது. புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். குழாய்க்கு இடமில்லாத ஹெடர் என்றால் பிஎஸ்6 வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரியும். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் குறுக்கே நிற்கும்.

இழுவை குறைந்திருந்தால் முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை (மேனிஃபோல்டுக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே புகை கசியாமல் அடைக்கும் தகடு) பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, எஞ்சின் சூடேறியதும் அடங்கினால், கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடும் தெரிந்தால், அங்கேதான் லீக்.

கேஸ்கெட் மாற்ற மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். அதைப் பிடிக்கும் ஸ்டட்டெல்லாம் (ஹெட்டில் பதித்த மரையாணிகள்) கடல் உப்புக்காற்றில் துருவேறிப் பிடித்திருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். நட்டைக் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப முறுக்கி, மறுபடி கழற்றுங்கள். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும், செலவு எங்கேயோ போய்விடும். மேனிஃபோல்டு முகத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் நிற்காது. திரும்ப மாட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று தவணையாக, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். சிலிகான் பேஸ்ட் பூசவே கூடாது, கருகிவிடும்.