பண்பட்டவராக நடந்துகொள்வது எப்படி?

பண்பட்ட மனிதர் என்று ஒருவரைச் சுட்டும்போது, பெரும்பாலும் அவருடைய உடையையோ பேச்சு நடையையோ படித்திருக்கும் நூல்களையோ மனத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறோம். இவை மூன்றும் நிறைவாக வாய்த்திருந்தும், தம் அருகில் அமர்பவரைக் கூனிக் குறுக வைத்துவிடும் மனிதர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் அளவுகோலைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: நம்மோடு சற்று நேரம் இருந்துவிட்டுச் செல்பவர், நம்மால் ஏற்பட்ட ஒரு சிறுமையையோ சங்கடத்தையோ சுமந்துகொண்டு போகிறாரா, இல்லையா? உடையும் உச்சரிப்பும் ரசனையும் இந்தக் கேள்விக்கு உதவும் அளவுக்கே மதிப்புடையவை.

விதிகளைப் பிரித்தறிதல்

சமூகத்தில் ஒழுங்காக நடந்துகொள்வதற்கென வழங்கும் விதிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பிறருக்கு நேரும் இடைஞ்சலைக் குறைக்கிறது: சொன்ன நேரத்துக்கு வருதல், தும்மும்போது வாயை மூடிக்கொள்ளுதல், வாங்கிய பொருளைக் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுத்தல் போன்றவை. இரண்டாம் வகை, யார் நம்மவர், யார் வெளியாள் என்று அடையாளம் காட்டுகிறது: எந்தக் கருவியை எந்தக் கையில் பிடிப்பது, எந்தச் சொல்லை எப்படி ஒலிப்பது, எந்த இசையை விரும்புவதாகச் சொல்லிக்கொள்வது என்பன அதில் அடங்கும். இந்த இரண்டாம் வகை காலத்துக்குக் காலம் தலைகீழாகக்கூட மாறும். ஐரோப்பாவில் முள்கரண்டி அறிமுகமான காலத்தில் அதைப் பயன்படுத்தியவர்கள் பகட்டுக்காரர்கள் என்று ஏளனத்துக்கு உள்ளானார்கள். சில நூற்றாண்டுகள் கழிந்தபின், அதைக் கையாளத் தெரியாதவரே அங்கு நாகரிகமற்றவராகக் கருதப்பட்டார். நோர்பர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளர் 1939இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மாற்றங்களைப் பழைய ஒழுக்க நூல்களின் துணையோடு பின்தொடர்ந்தது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல், ரசனை என்பது பிரெஞ்சுச் சமூகத்தின் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் பிரித்து வைக்கும் வேலையை எப்படிச் செய்கிறது என்று காட்டினார்.

ஆகவே ஒரு புதிய விதியைக் கற்கும்போது, 'இதை நான் மீறினால் தொல்லை யாருக்கு?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறொருவருக்குத் தொல்லை என்றால், யாரும் பார்க்காதபோதும் அந்த விதியைக் கைவிடாதீர்கள். குறைவது உங்கள் கௌரவம் மட்டும்தான் என்றால், கூடியிருப்பவர்களுக்கு இசைய அதைப் பின்பற்றுங்கள். ஆனால் அது தெரியாத இன்னொருவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தாதீர்கள். 1530இல் சிறுவர்களுக்கென ஓர் ஒழுக்க நூல் எழுதிய ஐரோப்பிய அறிஞர் எராஸ்மஸ், மூக்கைத் துடைப்பது முதல் மேசையில் அமர்வது வரை நுணுக்கமாக விதி சொன்னவர். அவரே, பிறருடைய பிழைகளை எளிதில் பொறுத்துக்கொள்வதுதான் நல்லொழுக்கத்தின் சாரம் என்றும் எழுதினார். விதி தெரிந்தவர்கள் பலர் தவறி விழும் இடம் இதுதான். ஒருவருடைய உச்சரிப்பைச் சபை நடுவில் திருத்துபவர், திருத்தப்பட்ட பிழையைவிடப் பெரிய பிழையைச் செய்கிறார்.

செவிமடுத்தல்

பயிற்சியைத் தொடங்க வேண்டிய இடம் பேச்சு அன்று, கேட்டல். இது சொல்வதற்கு எளிது. செய்வதற்கு ஏன் கடினம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கேள்வி முடிவதற்கும் அதற்கான விடை தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே கழிவதாகத் தெரியவந்தது. ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்து வாய்விட்டுச் சொல்வதற்கே நமக்கு அரை விநாடிக்கும் மேல் ஆகும். அப்படியானால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் மறுமொழியைக் கோக்கத் தொடங்கிவிடுகிறோம் என்று பொருள். அன்றாட அரட்டைக்கு இந்த வேகம் தேவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் தம் இழப்பையோ கோபத்தையோ தயக்கத்தோடு ஒப்புக்கொள்ளும் ஒன்றையோ சொல்லும்போது, இதே வேகம் அவரைப் பாதியில் விட்டுவிடுகிறது.

அத்தகைய வேளைகளில் இரண்டு பழக்கங்கள் உதவும். அவர் முடித்தபின் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருங்கள். பலர் உண்மையில் சொல்ல வந்ததை அந்த இடைவெளியில்தான் சொல்வார்கள். அடுத்து, உங்கள் முதல் வாக்கியம் அவர் சொன்னதைப் பற்றியதாக இருக்கட்டும். 'எனக்கும் இப்படித்தான் ஒருமுறை…' என்று தொடங்கும் பேச்சு அனுதாபத்தோடு பிறந்தாலும், கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவரைச் சொல்பவராக மாற்றிவிடுகிறது. திக்கித் திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்க வேண்டாம். அதை உதவி என்று நினைக்கிறோம், அவருக்கோ அது அவசரப்படுத்தலாகவே படும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு நயம் உண்டு. பொய் சொல்லாமலும் அந்தரங்கத்தை வெளியிடாமலும் சுருக்கமாக விடையளித்துவிட்டு நகரக்கூடிய வகையில் ஒரு கேள்வி அமைய வேண்டும். வருமானம், உடல்நிலை, மணவாழ்க்கை, குழந்தைப்பேறு ஆகியவற்றை நேராகக் கேட்கும் கேள்விகளில் இந்த வழி அடைபட்டுப் போகிறது. 'வேலையெல்லாம் எப்படிப் போகிறது?' என்று கேட்டால், விரும்புபவர் விரிவாகச் சொல்வார், விரும்பாதவர் 'நன்றாகப் போகிறது' என்று நிறுத்திக்கொள்வார். மூவர் இருக்கும் இடத்தில் இருவருக்கு மட்டும் தெரிந்த கதையைப் பேசுவதும், மூன்றாமவருக்குப் புரியாத மொழிக்குத் தாவுவதும் பரவலான பிழைகள். புதிதாக வந்து சேர்பவருக்கு 'இன்ன விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம்' என்று ஒரு வரி சொன்னாலே போதும், அவர் பேச்சுக்குள் வந்துவிடுவார்.

நமக்கு ஆதாயம் இல்லாதவர்களிடம்

மேலதிகாரியிடமும் விருந்தினரிடமும் பணிவாக இருப்பதை வைத்து ஒருவரைப் பண்பட்டவர் என்று முடிவு செய்துவிட முடியாது. அங்கே ஆதாயம் கலந்திருக்கிறது. உணவு பரிமாறுபவர், தரையைத் துடைப்பவர், வாயிலில் நிற்பவர், தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டவர் ஆகியோரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் நம் இயல்பு வெளிப்படும். நடைமுறையில் செய்ய வேண்டியவை சில. வயதில் மூத்த ஒருவரை, அவர் செய்யும் வேலையின் காரணமாக ஒருமையில் அழைக்காதீர்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். அவர் உங்களுக்காக ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது தொலைபேசியில் பேசிக்கொண்டே கையால் சைகை காட்டாதீர்கள். அவர் இருக்கும்போதே அவரைப் பற்றி, அவர் அங்கே இல்லாதது போலப் பேசாதீர்கள். நோயாளிகள், முதியவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கும் இந்த அவமதிப்பு அடிக்கடி நேர்கிறது. சேவையில் குறை இருந்தால் குறையைச் சொல்லுங்கள், ஆனால் அதைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவரிடம் சொல்லுங்கள். விதியை வகுத்தவரை விட்டுவிட்டு, அதைச் செயல்படுத்தும் சிற்றூழியரிடம் குரலை உயர்த்துவது கோழைத்தனம் என்றே நான் கருதுகிறேன்.

மறுப்பும் வேடிக்கையும்

பண்பாடு என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது அன்று. கருத்து வேறுபடும்போது, எதிராளி தம் கருத்தை எப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வாரோ அப்படி முதலில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அதன்பின் எந்தப் புள்ளியில் விலகுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஆளைத் தொடாமல் கூற்றைத் தொடுவது இதனால் கைகூடும். தனியாகச் சொல்லக்கூடியதைச் சபையில் சொல்லாமல் இருப்பதும், அவர் மனம் மாறினால் 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்ற சொல்லை விழுங்கிக்கொள்வதும் இதன் தொடர்ச்சியே.

வேடிக்கைக்கு ஒரு சோதனை உண்டு: யாரைப் பற்றிய வேடிக்கையோ அவர் முதல் ஆளாகச் சிரிக்கிறாரா என்று பாருங்கள். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தாமதமாகச் சிரிக்கிறார் என்றால், அவர் தம் சங்கடத்தை மறைத்துக்கொள்கிறார், அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பது காயப்படுத்தியவர் காயப்பட்டவரையே குற்றவாளியாக்கும் சொல். அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிய புறணியைத் தடுக்க உபதேசம் தேவையில்லை. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் போதும்.

வருத்தம் தெரிவித்தல்

யாரும் பிழையே செய்யாமல் இருக்க முடியாது என்பதால், பண்பு பெரும்பாலும் பிழைக்குப் பிந்தைய சில நிமிடங்களில்தான் தெரியவரும். ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மன்னிப்புக் கோரலில் ஆறு கூறுகளைப் பிரித்துப் பார்த்தது: வருத்தம் தெரிவித்தல், நடந்ததை விளக்குதல், பொறுப்பை ஏற்றல், இனி அப்படிச் செய்வதில்லை என்று உறுதி கூறுதல், சரிசெய்ய முன்வருதல், மன்னிக்கும்படி கேட்டல். இவற்றில் கேட்பவர்கள் அதிகம் மதித்தது 'தவறு என்னுடையது' என்று பொறுப்பேற்பதை. அடுத்தபடியாக, கெட்டதைச் சரிசெய்ய முன்வருவதை. மிகக் குறைவாக மதித்தது, மன்னிக்கும்படி கேட்பதை. நம் வழக்கமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 'தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்' என்று தொடங்கி, நீண்ட காரணம் சொல்லி, எதிரில் இருப்பவர் 'பரவாயில்லை' என்று சொல்லும்வரை விடுவதில்லை. இதனால் புண்பட்டவர் மீதே நம்மைத் தேற்றும் வேலையும் விழுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: என்ன செய்தீர்கள் என்பதை மழுப்பாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், அது உங்கள் தவறு என்று சொல்லுங்கள், எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். 'உங்களைப் புண்படுத்தியிருந்தால்' என்று நிபந்தனையோடு வரும் வருத்தம், அவர் புண்பட்டதே சந்தேகத்துக்குரியது என்று சொல்லாமல் சொல்கிறது. மறுபக்கமும் உண்டு: ஒருவர் உண்மையாக வருந்தினால், அதை ஏற்றபின் அடுத்த சண்டையில் அந்தப் பழைய கணக்கைத் திறக்கக் கூடாது.

பொது இடங்களில்

எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் அந்நியர்களின் நடத்தையை விவரிக்கும்போது ஒன்றைக் கவனித்தார்: ஒருவர் இருப்பதை ஒரு கணம் பார்வையால் ஏற்றுக்கொண்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்வது. அவரை நாம் கண்டுகொண்டோம், ஆனால் அவரை ஆராயவில்லை என்பதை அந்தச் சிறு செயல் தெரிவிக்கிறது. வித்தியாசமான உடை, ஊனம், அழுகை, குடும்பச் சண்டை என எதைக் கண்டாலும் இதுவே முறை, உதவி தேவைப்பட்டாலன்றி. எவ்வளவு நெருங்கி நிற்பது என்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும்; எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1966இல் தந்த அளவுகளின்படி, அவர் கவனித்த அமெரிக்கர்களிடையே அணுக்கமானவர்களுக்குரிய எல்லை சுமார் 45 சென்டிமீட்டர். அளவை மனப்பாடம் செய்வதைவிட, எதிரில் இருப்பவர் ஓர் அடி பின்வாங்கினால் நீங்கள் ஓர் அடி முன்வராமல் இருப்பது நல்லது. தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் பிறர் நடுவே இயக்குவதைப் பற்றி விளக்க எதுவும் இல்லை, அதைச் செய்யாதீர்கள். உடையைப் பற்றியும் ஒரு வரி போதும்: சுத்தமாகவும் நிகழ்ச்சிக்குப் பொருந்துவதாகவும் இருந்தால் எவரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை.

அறிவும் ரசனையும்

நூல்கள், இசை, ஓவியம், வரலாறு ஆகியவற்றில் பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது நல்லது. பிறர் எப்படி வாழ்கிறார்கள், எதற்கு வருந்துகிறார்கள் என்று கற்பனை செய்யும் திறன் இவற்றால் விரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் தொட்டுவைப்பதைவிட, ஏதேனும் ஒரு துறையில் ஆழமாக இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்றில் ஆழம் கண்டவருக்கு, மற்றவற்றில் தமக்கு எவ்வளவு தெரியாது என்பதும் பிடிபடும். அவரால் 'இது எனக்குத் தெரியாது, சொல்லுங்கள்' என்று கூச்சமின்றிக் கேட்க முடியும். கேட்கப்படாதபோது அறிவைக் காட்டாமல் இருப்பதும், கேட்கப்பட்டபோது எளிய சொற்களில் சொல்வதும் அதே பயிற்சியின் பகுதிகள். ஒருவர் ரசிக்கும் பாடலை மட்டமானது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அதில் அவருக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் நமக்குப் புதிதாக ஏதாவது தெரியவரும்.

இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் கைக்கொள்ள முயன்றால் நடத்தை செயற்கையாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் வெளியில் அன்று, வீட்டில் தொடங்குங்கள். அந்நியரிடம் நன்றி சொல்லும் பலர் தம் பெற்றோரிடமோ துணைவரிடமோ பிள்ளைகளிடமோ அதைச் சொல்வதில்லை. அறைக்குள் நுழையும் முன் கதவைத் தட்டுவதில்லை. குறுக்கே பேசுவதை உரிமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உங்களோடு வாழும் ஒருவரிடம், நீங்கள் எந்த வேளையில் கடுமையாக நடந்துகொள்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் விடை சொல்லும்போது காரணம் எதுவும் சொல்லாமல் கேட்டு முடித்து, முதலில் திருத்த வேண்டிய பழக்கத்தை அந்த விடையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.