ஓப்பன் ஃபிரேம் கம்ப்யூட்டர்: டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் இருக்கும் சித்தப்பா மகன் போன மாதம் போன் செய்தான். "அண்ணே, இந்தத் தடவை கேபினட் வேண்டாம், ஓப்பன் ஃபிரேம்லயே கட்டிடலாம்னு இருக்கேன்" என்றான். தெர்மால்டேக் கோர் பி3 என்ற ஓப்பன் ஃபிரேமின் படங்களைப் பார்த்திருக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் கிராபிக்ஸ் கார்டு நெட்டுக்குத்தாக நிற்க, எல்லாப் பாகமும் வெளியே தெரிய, பார்க்க அழகுதான். ஆடுதுறைப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் நானும் நான்கு வருடமாக அப்படி ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிராசசர் எது, கார்டு எது என்று கேட்பதற்கு முன்னால், "உன் ரூம்ல எர்த் இருக்கா? ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டேன். அவனுக்கு இரண்டும் தெரியவில்லை.

கேபினட் வெறும் பெட்டி என்று நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. அது தூசியை வடிகட்டுகிறது, காற்றுக்கு வழி காட்டுகிறது, பூச்சி பல்லியைத் தள்ளி வைக்கிறது, கை படாமல் காக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் இந்த வேலைகளை எல்லாம் அறை செய்ய வேண்டும், இல்லையென்றால் நாம் செய்ய வேண்டும். மூடிய ஜன்னலும் ஏசியும் உள்ள அறையில் எடுத்த படங்களில் இது தெரியாது. காவிரிப் படுகையில் ஒரு வருடம் வைத்திருந்தால் தெரிந்துவிடும்.

எர்த் இல்லாமல் தொடங்குவது

இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் போவது பணம் மட்டுமாக இருக்காது.

என் மெஷினை முதன்முதலில் ஓடவிட்ட அன்று, ஃபிரேமில் முன்கை பட்டதும் சுருக்கென்று ஒரு கடி. விரலால் தொட்டால் லேசான அதிர்வு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். தெரு முனையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் மாமா வந்து சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூணாவது ஓட்டைக்கு வயரே வரலப்பா, பேருக்குத்தான் த்ரீ பின்" என்றார்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சார இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலுள்ள சிறு கெபாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் உலோக உடம்போடு இணைக்கின்றன. அவை வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் மூன்றாவது பின் வழியே மண்ணுக்குப் போய்விட வேண்டும். அந்த வழி இல்லையென்றால் உடம்பு முழுவதும் ஏறக்குறைய 115 வோல்ட்டில், அதாவது 230இல் பாதியில், மிதந்துகொண்டிருக்கும். கசிவு சிறியது என்பதால் சுருக்கென்று கடிப்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு வயர் நிஜமாகவே உடம்பைத் தொட்டுவிட்டால், அதே ஃபிரேம் உயிரை எடுக்கும். பெயிண்ட் அடித்த மூடிய கேபினட்டில் வெறும் உலோகம் அதிகம் கையில் படாது. ஓப்பன் ஃபிரேமில் ஸ்க்ரூ, சூட்டை இறக்கும் ஹீட்சிங்க், கார்டின் முதுகுத் தகடு எல்லாமே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இன்னொன்று, எர்த் இல்லாத மெஷினில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது பொறி பறந்து மானிட்டரின் போர்ட் போய்விடலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230க்கு அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டும் காட்ட வேண்டும். கூடவே கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி ஒன்றையும் போட்டுவிடுங்கள். எர்த் குழி ஏற்கனவே இருக்கிறது என்றால் கோடையில் அதைக் கவனிக்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால் வறண்டு களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. பங்குனி, சித்திரையில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் வந்தது.

திறந்திருந்தால் குளிர்ச்சி என்று நம்புவது

கிராபிக்ஸ் கார்டுக்கு இது உண்மை. சூடான காற்று பெட்டிக்குள் தேங்காமல் போய்விடுவதால் கார்டு சில டிகிரி குறைவாகவே ஓடும். மதர்போர்டின் கதை வேறு. கேபினட்டில் முன் ஃபேன் இழுத்துப் பின் ஃபேன் தள்ளும்போது, போகிற போக்கில் அந்தக் காற்று பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியையும், ராமையும், எம்.2 எஸ்எஸ்டியையும் தடவிச் செல்லும். ஓப்பன் ஃபிரேமில் அந்தக் காற்றே கிடையாது. திரவத்தை ஓட்டிக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் போட்டு அதன் ரேடியேட்டரை ஓரத்தில் மாட்டினால் பிராசசரைச் சுற்றிக் காற்று அசையவே அசையாது. பிராசசர் 60 டிகிரியில் இருக்க, பக்கத்தில் விஆர்எம் கொதித்துக்கொண்டிருக்கும். நீண்ட வீடியோ ரெண்டரில் வேகம் திடீரென்று விழுந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

எனக்குப் பிடித்த வழி, பிராசசர் மேலேயே ஃபேனோடு உட்காரும் சாதாரண ஏர் கூலர். பக்கத்தில் இருப்பதற்கும் கொஞ்சம் காற்றைக் கொடுத்துவிடும். லிக்விட் கூலர்தான் வேண்டுமென்றால் மதர்போர்டைப் பார்த்தபடி ஒரு 120 மிமீ ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுங்கள், எம்.2வுக்கு ஹீட்சிங்க் மாட்டுங்கள். "மேலே சீலிங் ஃபேன் சுத்துதே" என்று விட்டுவிட வேண்டாம். அது காற்றோடு அறையின் தூசி முழுவதையும் போர்டில் இறக்கிவைக்கும்.

எந்த ஏர் கூலரும், எந்த லிக்விட் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. 25 டிகிரி அறையில் எடுத்த அளவில் 70 என்று இருந்தால், அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 83 என்று கணக்குப் போட்டுக்கொண்டு பாகங்களைத் தேர்ந்தெடுங்கள்.

அறுவடையை மறப்பது

நகரத்துத் தூசி வேறு, இங்கே தை மாசியில் வருவது வேறு. சம்பா, தாளடி அறுவடைக்கு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் வீட்டுக்குள் வருவது சுணை. உடம்பில் பட்டால் அரிக்கும் அதே நுண்மயிர்தான். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே சிக்கிப் பின்னி, நாலே நாளில் கம்பளி மாதிரி மூடிவிடும். கேபினட்டில் முன்பக்கம் ஃபில்டர் இருக்கும், கழற்றித் தட்டினால் முடிந்தது. இங்கே அந்த ஃபில்டரே இல்லை. பக்கத்தில் நெல் காயும் களமோ கொள்முதல் நிலையமோ இருந்தால் மாசக்கணக்கில் இதே நிலைதான்.

அறுவடை நாட்களில் மெஷினை நிறுத்திவிட்டு மூடி வையுங்கள். மூட பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். உள்ளே சிக்கும் ஈரம் வெளியேறாது. பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டால் போதும். நிறுத்திய உடனே மூடாமல் சூடு ஆறும்வரை அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சுத்தம் செய்ய மென்மையான பெயிண்ட் பிரஷும் சின்ன புளோயரும் வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத்துணியைக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடைமழைக் காலத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் சரியில்லை என்று வாரக்கணக்கில் போடாமலே விட்டுவிடுவார்கள். அப்படி விட்ட போர்டில் ஈரம் குடியேறும். இடி மின்னல் இல்லாத வேளையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓடவிட்டால் அந்தச் சூடே போர்டைக் காய வைத்துவிடும். மின்னல் வெட்டும்போது பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஏசி அறை என்றால், ஏசியை நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராக வியர்க்கும்.

வண்ண விளக்குகளை இரவெல்லாம் எரியவிடுவது

புகையான் வந்த வருடம் வயலில் விளக்குப் பொறி வைத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சத்தைத் தேடித்தான் அந்தப் பூச்சி வருகிறது. ஜன்னலோரம் ஆர்ஜிபி விளக்கு மின்ன ஒரு ஓப்பன் ஃபிரேம் மெஷினை வைத்தால் அதுவும் விளக்குப் பொறிதான், இழுத்துப் போட ஃபேனும் சேர்ந்த பொறி. முதல் மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம் ஈசல் கிளம்பி, நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ரேடியேட்டர் முழுக்க இறக்கை ஒட்டிக் கிடந்தது. பூச்சி வந்தால் பின்னாலேயே பல்லி வரும். எஸ்எம்பிஎஸ் சூடு அதற்கு இதம். எச்சம் போர்டில் விழுந்தால் தாமிரத்தை அரிக்கும், பல்லியே இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட். வீட்டு இன்வெர்ட்டரும் மோட்டார் ஸ்டார்ட்டரும் இதே பல்லியால் எரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பொழுது சாய்ந்ததும் விளக்குகளை அணைத்துவிடுங்கள். மெஷினை ஷட்டவுன் செய்த பிறகும் பல மதர்போர்டுகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஸ்டாண்ட்பை மின்சாரம் தொடர்ந்து வருவதால். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இஆர்பி என்ற அமைப்பை ஆன் செய்தால் அணைந்துவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் செலவு, இந்த மெஷினுக்காகச் செய்யும் செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது.

கடலோரத்தில் கட்டுவது

வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று கடல் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வீடு இருந்தால், ஓப்பன் ஃபிரேம் வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. காற்றில் வரும் உப்பு போர்டில் படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், முனைகளை அரிக்கும். உப்பளம் இருக்கும் ஊரில் இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நல்ல ஃபில்டர் உள்ள மூடிய கேபினட் வாங்குங்கள்.

அசெம்பிள் செய்யும்போது

ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மிமீ. போர்டில் துளை இருக்கும் இடத்தில் மட்டும், அதைத் தூக்கிப் பிடிக்கும் சிறு உலோகத் தண்டான ஸ்டாண்ட்ஆஃப் இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக நின்று முதுகில் முட்டினால் ஷார்ட் ஆகும். கார்டை நெட்டுக்குத்தாக நிறுத்த, அதை மதர்போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் ரைசர் கேபிள் வேண்டும். அந்த பிசிஐஇ இணைப்பில் 3.0, 4.0 என்று தலைமுறைகள் உண்டு. பழைய 3.0 ரைசரில் 4.0 கார்டைப் போட்டால் திரை வராமல் போகலாம், வந்தாலும் விட்டுவிட்டு உறையலாம். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசை முதலே என்விடியா கார்டுகள் 4.0 அல்லது அதற்கு மேல்தான். ரைசர் இல்லாமல் கார்டை நேராகச் செருகி ஒரு தடவை பூட் செய்து, பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3, அதாவது 3.0 என்று வைத்துவிட்டு, பிறகு ரைசரை மாட்டுங்கள்.

கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு கம்பெனிக் கேபிளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். செருகும் வாய் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டி எரிந்துபோகும். கேபிள் அழகாகத் தெரிய வேண்டும் என்று நீளமானதை வேறு இடத்தில் வாங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெம்பர்டு கண்ணாடியைக் கழற்றி டைல்ஸ் தரையில் சாய்த்து வைக்கக் கூடாது. மூலை லேசாகத் தட்டினாலே முழுக் கண்ணாடியும் பொடியாகும். பாயோ போர்வையோ விரித்து வேலை செய்யுங்கள். சுவரில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர். துளை போட்டால் மண்ணாக உதிரும், ராவல் பிளக் பிடிக்காது. கார்டும் கூலரும் கண்ணாடியுமாகப் பதினைந்து கிலோவைத் தாண்டும் பொருளை அங்கே தொங்கவிட வேண்டாம். மேசை போதும், இடுப்பு உயரத்துக்கு மேல், குழந்தையின் கை எட்டாத இடத்தில்.

கரண்ட் போகும்போது

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பி மாட்டுகிறவர்கள், அதில் இருக்கும் மோட் சுவிட்சைக் கவனிப்பதில்லை. யுபிஎஸ் மோடில் அது சுமார் 10 மில்லி வினாடியில் மாறும், சாதாரண மோடில் 40 வரை ஆகலாம். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ 16 மில்லி வினாடிதான். அதனால்தான் சிலர் வீட்டில் மெஷின் அணைகிறது, சிலர் வீட்டில் அணைவதில்லை. தனி யுபிஎஸ் வாங்கினால் விஏ கணக்கை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான், பெரிய கார்டு ஒன்று இருந்தால் போதாது.

சித்தப்பா மகனுக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பாகங்களின் பட்டியலை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறான். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிவிட்டார்கள் என்று நேற்று படம் அனுப்பினான். அடுத்த வாரம் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் வருகிறார்.