சாஷ் கட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர்

அழகிப் போட்டியின் மேடை நடைக்காக மாதக்கணக்கில் நாலங்குல ஹீல்ஸில் பழகிய கால், திடீரென்று தட்டையான ஷூவில் ஓடினால் முதலில் மக்கர் பண்ணுவது கெண்டைக்கால்தான். குதிகால் எப்போதும் தூக்கியே இருந்ததால் கெண்டைச் சதையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் இறுகிப்போயிருக்கும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஓட்டத்துக்கு அழகிப் போட்டியாளர்கள் குழுவாகப் பெயர் கொடுக்கும்போது, யார் எந்த நிறத்தில் டிசர்ட் போடுவது என்பதற்குத்தான் நேரம் போகிறது. காலைப் பற்றி ஓட்டத்துக்கு முதல் நாள்தான் நினைப்பு வரும்.

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, மூன்று எண்ணுவதற்குள் குதிகாலை மெல்லக் கீழே இறக்கி, பிறகு மேலே எழும்ப வேண்டும். 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓட்டப் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து தடவை. மூன்று, நான்காம் வாரங்களில் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஏழு தடவை. ஐந்தாவது வாரத்தில் பத்து பத்து நிமிடமாக மூன்று ஓட்டம், நடுவில் இரண்டு நிமிடம் நடை. கடைசி வாரம் பாதியாகக் குறையுங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையோ மெரினா நடைபாதையோ வசதி. ஆனால் மணலில் இறங்காதீர்கள். மணலில் ஓடினால் கால் உரமாகும் என்பார்கள். இறுகிய குதிநாணுக்கு அது எமன். குதிகால் இன்னும் ஆழமாகப் புதைந்து நாணை இழுக்கும். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். புது ஷூவை ஓட்டத்தன்று முதல்முறையாகப் போடுவது கொப்புளத்துக்கு வெற்றிலை பாக்கு வைப்பது.

அடுத்தது சாஷ், அதாவது அழகிப் போட்டியாளர்கள் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போடும் பெயர்ப் பட்டை. சாட்டின் துணி வியர்வையில் நனைந்தால் தோளிலிருந்து வழுக்கும், தொடையில் சுற்றும். கடையில் தைத்து வரும் முழுநீளச் சாஷ் ஓடுவதற்கு ஆகாது. இடுப்பெலும்போடு முடியும்படி வெட்டி, சேரும் இடத்தில் தையலுக்குப் பதில் இரண்டங்குல வெல்க்ரோ வையுங்கள். கூட்டத்தில் யாராவது மிதித்தோ இழுத்தோ விட்டால் அது பிரிந்துகொள்ளும். தைத்திருந்தால் ஆளே விழுவார். தோளில் ஒரு ஊக்கு, டிசர்ட்டின் உள்பக்கமிருந்து. இதைவிட நல்லது, சாஷைப் போலவே டிசர்ட்டில் குறுக்குப் பட்டையாக அச்சடித்துவிடுவது. நீர் கலந்த மையில் அச்சடித்த மலிவான சாஷ் வெள்ளை டிசர்ட்டில் சாயத்தை இறக்கும். முதல் நாளே ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள்.

நேரம் கணக்கிடும் ஓட்டமாக இருந்தால், பிப் எனப்படும் எண் அட்டையின் பின்னால் நேரத்தைப் பதியவைக்கும் சிப் ஒட்டியிருக்கும். அது மார்பிலோ வயிற்றிலோ, சாஷுக்கு மேலே, மடிக்காமல் இருக்க வேண்டும். ஊக்கை நான்கு மூலையில் மட்டும் குத்துங்கள். சிப் பட்டையில் குத்தினாலோ முதுகுப் பக்கம் திருப்பினாலோ கோட்டைக் கடந்தும் உங்கள் நேரம் பதிவாகாமல் போகலாம்.

சாஷில் விளம்பரதாரர் பெயர் இருக்கலாமா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்பே கேளுங்கள். 1980இல் ஒரு செயற்கைக் காலோடு புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டக் கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பிய டெர்ரி ஃபாக்ஸின் பெயரில் நடக்கும் ஓட்டங்களில் போட்டியும் பரிசும் கிடையாது, வணிக விளம்பரத்துக்கும் இடமில்லை. சென்னையில் ஐஐடி வளாகத்தில் நடந்துவந்த ஓட்டமும் அந்த வகைதான். அங்கே நகைக்கடைப் பெயர் போட்ட சாஷோடு போய் நின்றால் சங்கடம்.

கிரீடத்தை, ஓட்டத்தைக் கொடியசைத்துத் தொடங்கும்போதும் முடிவுக் கோட்டிலும் மட்டும் வையுங்கள். அதோடு ஓடினால் அதன் சீப்புப் பற்கள் மண்டையைக் கீறும். அதை வாங்கி வைத்துக்கொள்ள ஓடாத ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

ஒப்பனையில் எது கூடாது என்பதுதான் முக்கியம். ஒட்டுக் கண்ணிமை, ஹேர் ஸ்ப்ரே, காஜல் மூன்றும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் வழியும், எல்லாம் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கும். நீர் தாங்கும் சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்கு 20 நிமிடம் முன் பூசுங்கள். புருவத்துக்கு மேலே பூசாமல் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். அக்குள், ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை, தொடை இடுக்கில் வாஸ்லின். சென்ட் வேண்டவே வேண்டாம். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களும் வந்திருப்பார்கள். வாசனையே அவர்களுக்குக் குமட்டும். அவர்களோடு படம் எடுக்கும் முன் கேளுங்கள், தானாகக் கட்டிப்பிடிக்காதீர்கள்.

போட்டிக்காக உப்பையும் சோற்றையும் குறைத்திருப்பவர்கள்தான் வரிசையில் மயங்கி விழுபவர்கள். ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். அன்று காலை ஒன்றரை மணி நேரம் முன் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம், இரண்டு மணி நேரம் முன்பிருந்து 400 மில்லி தண்ணீர். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர். இளநீரில் பொட்டாசியம் உண்டு, ஆனால் வியர்வையில் போன சோடியம் அதில் குறைவு. அதை மட்டும் நம்பாதீர்கள். ஓடும்போது புல்லரித்தாலோ பேச்சு குழறினாலோ உடனே நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

நன்கொடைப் பணத்தை யாருடைய சொந்த ஜிபேயிலும் வாங்காதீர்கள். நிதி போய்ச் சேரவேண்டிய நிறுவனத்தின் கணக்குக்கே போகும் கியூஆரை வாங்கி, ஒவ்வொருவரும் அதையே பகிருங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் சிகிச்சை உதவி வேறு, ஆராய்ச்சி வேறு; எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு நன்கொடைக்கு வரிக் கழிவு உண்டு, ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்பதைவிட "கிலோமீட்டருக்கு 100 ரூபாய், ஐந்துக்கு 500" என்று கேட்டுப் பாருங்கள், கைபேசியை எடுப்பார்கள்.

சாயங்காலம் ஒத்திகை இருந்தால் அன்றும் மறுநாளும் தட்டைச் செருப்பில்தான். சாஷைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எழுத்து இல்லாத பக்கமாக இஸ்திரி போடுங்கள்.