ஸ்டாம்பும் டை கட்டும் கொண்டு பொங்கல் வாழ்த்து அட்டை செய்வது எப்படி

கையால் செய்யும் வாழ்த்து அட்டை பெரும்பாலும் கெட்டுப்போவது தாளுக்கும் மைக்கும் பொருத்தம் பார்க்காததால்தான். படம் வரையத் தெரியாதவரும் நல்ல அட்டை செய்யலாம். ஆனால் எந்தத் தாளில் எந்த மை நிற்கும் என்று தெரியாமல் இறங்கினால் பாதி அட்டை குப்பைக்குத்தான் போகும். இங்கே எடுத்துக்கொள்வது ஒரு பொங்கல் அட்டை: நடுவே வட்டத்துக்குள் பானை, இரு பக்கமும் பன்னீர்க் கரும்பு, கீழே வாழ்த்து வரி. வேறு விழாக்களுக்கும் முறை இதுவே. டை என்பது தாளை ஒரு வடிவத்தில் வெட்டும் உலோக அச்சு; கைப்பிடி சுற்றும் எந்திரத்தில் அதை அழுத்தி வெட்டுவதுதான் டை கட்.

அடி அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கனமுள்ள, பூச்சு இல்லாத ஏ4 தாள் வேண்டும். பள்ளிக்கூடச் சார்ட் பேப்பர் மெல்லியது. நிறுத்தி வைத்தால் தொய்ந்துவிடும். பளபளப்பான ஆர்ட் கார்டில் மை ஊறாது, விரல் பட்டதும் இழுபடும். ஏ4-இன் 297 மி.மீ. பக்கத்தைச் சரிபாதியாக, 148.5 மி.மீ.யில் வெட்டினால் இரண்டு அட்டைக்குத் தாள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 210 மி.மீ. பக்கத்தில் 105-ஐ அளந்து மடிப்புக் கோடு போடுங்கள். மடித்தால் ஏ6 அளவு வரும். சி6 உறையில் சரியாகப் போகும்.

மடிக்கும்முன் கோட்டை அழுத்தியே ஆக வேண்டும். கோடு அழுத்தும் போன் ஃபோல்டர் என்ற மழுங்கிய கருவி இல்லாவிட்டால் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். ஸ்கேலை ஒட்டி இரண்டு முறை இழுத்தால் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் விழும். மேடு உள்ளே போகும்படி மடியுங்கள். மாற்றி மடித்தால் வெளிப்புறம் வெடித்து, நிறத்தாளாக இருந்தால் வெள்ளை நார் தெரியும். மடிப்பு வெடிக்க இன்னொரு காரணம் இழையோட்டம், அதாவது தாளின் நார்கள் ஓடும் திசை. தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அதுவே மடிக்க ஏற்ற திசை. பெரும்பாலான ஏ4 தாள்களில் இழை நீளவாக்கில் ஓடும் என்பதால், மேலே சொன்னபடி வெட்டினால் மடிப்பு தானாகவே சரியாக அமையும்.

இதன்மேல் ஒட்டும் தாள் 200 ஜி.எஸ்.எம்., 99 × 142 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. அடி அட்டை தெரியும்.

ஸ்டாம்ப்

பூ, இலை, பறவை ஸ்டாம்புகள் ஆன்லைனில் ஏராளம். பொங்கல் பானையும் தமிழ் வாழ்த்து வரியும் தேடினால் எளிதில் அகப்படாது. அலுவலக முத்திரை செய்யும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் படம் கொடுத்தால் செய்து தருவார்கள். கைப்பிடி வேண்டாம், ரப்பர் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். மை உள்ளேயே ஊறியிருக்கும் வகையை வாங்காதீர்கள்; அதில் வேறு மை தொட முடியாது, பவுடர் எம்பாஸிங்கும் (ஈர மைமேல் பவுடர் கொட்டி, சூட்டில் உருக்கி எழுத்தை மேடாக்குவது) வராது. படத்தை நேராகவே கொடுங்கள், திருப்புவது அவர்கள் வேலை. எழுத்து 6 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்துருவும் தடிமனாக இருக்கக் கூடாது. ‘பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்பதில் ழகரம், ஙகரம் இவற்றின் உள்வெளிகளில் மை அடைத்துக்கொண்டால் வரி வாசிக்கவே வராது.

புது ஸ்டாம்பை, குறிப்பாகக் கண்ணாடி போன்ற பாலிமர் வகையை, பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மேலே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் போகாவிட்டால் மை முத்து முத்தாகத் திரண்டு, அச்சு திட்டுத்திட்டாக விழும். பாலிமர் ஸ்டாம்ப், பிடித்து அழுத்த உதவும் அக்ரிலிக் கட்டையில் தானாக ஒட்டும். கடையில் செய்த ரப்பருக்கு டபுள் சைடு டேப் வேண்டும்.

ஸ்டாம்பின் முகத்தை மேலே பார்க்க வைத்து, இங்க் பேடை அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். தாளுக்கு அடியில் 2 மி.மீ. ஃபோம் ஷீட்டோ மௌஸ் பேடோ இருக்கட்டும். மேசை சமமாக இல்லாததால் விழும் வெற்றிடங்களை அது சரிசெய்யும். நேராக வைத்து, கட்டை முழுவதும் சீராக அழுத்தி, மூன்று எண்ணி, நேராகத் தூக்குங்கள். கட்டையை ஆட்டினால் ஸ்டாம்பின் ஓரம் பட்டு, படத்தைச் சுற்றிக் கறை விழும்.

மைதான் முக்கியம். அலுவலக ஸ்டாம்ப் பேட் மை அட்டையில் கசிந்து பரவும், அதை ஒதுக்கிவிடுங்கள். டை இங்க் (சாய மை; வெட்டும் டைக்கும் இதற்கும் தொடர்பில்லை) தாளில் ஊறிச் சீக்கிரம் காயும், கோடு கூர்மையாக இருக்கும். பிக்மென்ட் இங்க் மேலேயே நிற்கும், காய நேரமாகும், ஆனால் நிறத்தாளில் அழுத்தமாகத் தெரியும். பானைக்கு எதைக் கொண்டு வண்ணம் தீட்டப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் மையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் என்றால் மெமென்டோ போன்ற நீர் சார்ந்த டை இங்க் கலையாது. அதே மையின்மேல் வாட்டர்கலர் வைத்தால் கறுப்பு கரைந்து பானை முழுவதும் அழுக்காகும். வாட்டர்கலருக்கு நீர்புகா ஆர்கைவல் மையைப் போட்டு நன்றாகக் காயவிடுங்கள், தாளும் வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். கலர் பென்சிலுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

பொன் எழுத்து

வாழ்த்து வரியை அரக்கு நிறத் தாளில் பொன் பவுடரால் எம்பாஸ் செய்தால் அட்டைக்கே தனிக்களை வரும். அதிகம் தவறுவதும் இங்கேதான். தாளில் ஈரமும் நிலைமின்னும் இருந்தால் பவுடர் எழுத்தைத் தாண்டி எங்கும் ஒட்டும். மார்கழிப் பனிக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்துவைத்திருக்கும். அதனால் முதலில் ஹீட் கன்னை (சூடான காற்று வீசும் கருவி) இரண்டு மூன்று வினாடி காட்டி, ஆறவிடுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டிய டால்கம் பவுடர் முடிச்சால் தாளை ஒற்றி, ஊதித் துடையுங்கள். எம்பாஸிங் மையால் அச்சடித்து, உடனே பவுடரைக் கொட்டி, தட்டி உதறுங்கள். மீதிப் பவுடர் டப்பாவுக்கே திரும்பிப் போகலாம். வழிதவறி ஒட்டிய துகள்களை உலர்ந்த மெல்லிய தூரிகையால் இப்போதே எடுத்துவிட வேண்டும், உருகியபின் வராது.

ஹீட் கன்னைத் தாளுக்கு வெளியே பத்து வினாடி ஓடவிட்டு, சூடு ஏறியபின் ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். மங்கலான துகள் சட்டென்று பளபளக்கும். அந்த நொடியில் அடுத்த எழுத்துக்கு நகருங்கள். கூடுதலாகச் சுட்டால் பவுடர் தாளுக்குள் இறங்கி, எழுத்து மேடு தணிந்து எண்ணெய்க் கறைபோல ஆகிவிடும். ஹேர் டிரையர் பவுடரை ஊதிப் பறக்கவிடுமே தவிர உருக்காது.

வெட்டும் வேலை

பானையை வெள்ளைத் தாளில் அச்சடித்து வண்ணமும் தீட்டியபின்தான் வட்டம் வெட்ட வேண்டும். முதலில் வட்டத்தை வெட்டிவிட்டு நடுவில் அச்சடிக்கப் பார்த்தால் இரண்டு மி.மீ. விலகினாலும் கண்ணில் குத்தும். 70 மி.மீ. வட்ட டையின் நடு திறந்திருப்பதால், படத்தின்மேல் வைத்து நிதானமாக நடுப்படுத்தலாம். வெட்டு முனை தாளைப் பார்த்திருக்கட்டும். விலகாமல் இருக்க எளிதில் உரியும் காகித டேப்பான வாஷி டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள்.

எந்திரத்தில் அடுக்கும் வரிசை பொதுவாக இப்படி: அடித்தளம், வெட்டுத் தகடு, தாள், அதன்மேல் கவிழ்த்த டை, இன்னொரு வெட்டுத் தகடு. எந்திரத்துக்கு எந்திரம் தகட்டுக் கனம் மாறும் என்பதால் அதனுடன் வந்த குறிப்பையே பின்பற்றுங்கள். நேர் ஓரமுள்ள டையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். நீள ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் உருளையில் மோதினால் கைப்பிடி இறுகும். தகடு நொறுங்குவதுபோல் சத்தம் வருவது வழக்கம்தான். கைப்பிடி நகர மறுத்தால் மட்டும் வலிந்து சுற்றாதீர்கள், பின்னோக்கிச் சுற்றி எடுத்து அடுக்கைப் பாருங்கள்.

ஒரு மூலை மட்டும் வெட்டுப்படாவிட்டால் தகடு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் தகட்டைப் புரட்டி வைத்தால் வளைவு குறையும். வெட்டுப்படாத இடத்தில் சாதாரணத் தாள் ஒன்றை மடித்து வைத்தும் ஓட்டலாம். நுண்ணிய டையில் தாள் சிக்கிக்கொண்டால் அடுத்த முறை டைக்கும் தாளுக்கும் நடுவே கேக் சுடப் பயன்படும் பட்டர் பேப்பர் வையுங்கள். அத்தகைய டைக்கு 300 ஜி.எஸ்.எம். தாள் ஒத்துவராது, 160 முதல் 200 போதும்.

கரும்புக்கு டை தேவையில்லை. அடர்ந்த ஊதாத் தாளில் 7 மி.மீ. அகலம், 110 மி.மீ. நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டுங்கள். 12 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்தினால் கணு விழும். கணுவின் ஒரு பக்கம் வெள்ளைப் பென்சிலால் மெல்லிய வளையம் தீட்டி, பட்டையின் இரு ஓரங்களிலும் கறுப்பு மையை ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றுங்கள். தட்டைப் பட்டை உருண்டு தெரியும். தோகைக்கு எந்தப் புல் டையானாலும் சரி. பச்சைத் தாளில் வெட்டி, பேனாத் தண்டில் சுற்றி வளைத்துவிடுங்கள்.

ஒட்டுவது

கரும்பையும் தோகையையும் ஃபெவிக்காலால் ஒட்டலாம், ஆனால் மிக மெல்லிசாக. பிளாஸ்டிக் தாளில் தடவி விரலால் ஒற்றி எடுத்துப் பூசினால் வழியாது. அதிகமானால் அதன் நீர் தாளைச் சுருட்டும். கனமான புத்தகத்தின் அடியில் வைத்துக் காயவிடுங்கள். வட்டத்தையும் வாழ்த்துப் பட்டையையும் 2 மி.மீ. ஃபோம் டேப்பில் எழுப்புங்கள். டேப் ஓரம்வரை இருக்கட்டும். நடுவில் மட்டும் ஒட்டினால் தபாலில் அழுந்தி வட்டத்தின் விளிம்பு தொங்கும். டேப்பின்மேல் ஒரு சொட்டுப் பசை வைத்தால், பிடிக்கும்முன் நகர்த்தி நேராக்கச் சில வினாடி கிடைக்கும்.

இந்த அளவுகளில் அட்டையும் உறையும் சேர்ந்து ஏறக்குறைய 18 கிராம் வரும். அஞ்சல் கட்டணம் 20 கிராம் அடுக்கில் ஏறுகிறது. முத்து, கல், இரண்டாவது வட்டம் என்று சேர்த்தால் அடுத்த அடுக்குக்குப் போய்விடும். எடை போட்டுப் பார்த்துத் தபால்தலை ஒட்டுங்கள். உள்ளே அட்டையின் முகப்பை மூடி ஒரு டிஷ்யூத் தாள் வைத்தால் பொன் எழுத்து உறையில் உரசாது.