ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இப்போது எங்கே? காம்பஸும் பாகைமானியும் வைத்து வரைந்து பார்க்கலாம்

போனில் ஓர் ஆப்பைத் திறந்தால் வானத்தில் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்று வட்டப் படமாக அதுவே காட்டிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் மூடிவைத்தவன் நான். ஒரு சாயங்காலம் கையால் வரைந்த பிறகுதான் பிடிபட்டது. அதனால் கோடிங் எல்லாம் அப்புறம், முதலில் வீட்டில் கிடக்கும் ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் வேண்டும், ஐபோன் இந்த விவரங்களை ஆப்களுக்குக் கொடுப்பதில்லை. பிளே ஸ்டோரில் 'ஜிபிஎஸ்டெஸ்ட்' என்று இலவச ஆப் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ4 தாளின் நடுவில் 9 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம், அதற்குள் 6, 3 செ.மீ. ஆரத்தில் இன்னும் இரண்டு. மையப்புள்ளிதான் உங்கள் தலைக்கு நேர் உச்சி, வெளிவட்டம் தொடுவானம். உச்சியிலிருந்து தொடுவானம் வரை 90 பாகை, ஆக 1 செ.மீ. என்பது 10 பாகை. மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு என்று எழுதிவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள்.

ஆப்பைத் திறந்து ஓரிரு நிமிடம் பொறுத்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் எண், நாட்டுக்கொடி, சிக்னல் வலிமை, கடைசியில் இரண்டு கோணங்கள். 'எலிவ்' என்பது தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற ஏற்றக்கோணம், 'அசிம்' என்பது வடக்கில் தொடங்கி கடிகாரச் சுற்றில் அளக்கும் திசைக்கோணம். இப்போதைக்கு அமெரிக்கக் கொடி போட்ட வரிகள் மட்டும் போதும், அவைதான் ஜிபிஎஸ்.

ஒரு வரியில் திசைக்கோணம் 120, ஏற்றக்கோணம் 40 என்று வைத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து வலப்பக்கமாக 120 பாகை திரும்பி மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். 90-இலிருந்து 40-ஐக் கழித்தால் 50, எனவே அந்தக் கோட்டில் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளிப் புள்ளி. கழிக்க மறந்தால் கதை கந்தல்: நான் முதல் தடவை நேராக 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டே போய், தொடுவானத்தை ஒட்டிக் கிடந்த செயற்கைக்கோள்களை எல்லாம் உச்சந்தலைக்கு மேல் குவித்துவிட்டேன். திசைக்கோணம் 180-ஐத் தாண்டினால் அதிலிருந்து 180-ஐக் கழித்து, மிச்சத்தைத் தெற்கிலிருந்து அதே சுற்றில் அளவிடுங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் செயற்கைக்கோளின் எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள்.

தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வானத்தோடு ஒப்பிட்டால் கிழக்கும் மேற்கும் இடம் மாறித் தெரியும், பயப்பட வேண்டாம். தரையில் வைத்து வடக்கை வடக்கோடு பொருத்தினால் சரியாகிவிடும்.

சரி, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இதையே செய்யுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் பொறுமை வேண்டும். ஒரே எண்ணுள்ள புள்ளிகளை இணைத்தால் வளைகோடுகள் கிடைக்கும். சென்னையிலிருந்து வரைந்தால் வடக்கில் தொடுவானத்தை ஒட்டி ஓர் இடம் வெறுமையாகவே கிடக்கும். ஜிபிஎஸ் பாதைகள் நிலநடுக்கோட்டுக்கு 55 பாகை சாய்ந்தவை, எனவே அவை 55 பாகை அட்சரேகைக்கு வடக்கே போவதே இல்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் அந்த எல்லையில் நிற்பதை 13 பாகையில் இருக்கும் நாம் பார்த்தால், நேர் வடக்கில் ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் தெரியும். அதற்குக் கீழே நேர் வடக்கில் புள்ளி விழுந்தால் நீங்கள் எங்கோ தப்பாக அளந்திருக்கிறீர்கள்! ஜிபிஎஸ் போலவே ரஷ்யா நடத்தும் குளோனாஸ் செயற்கைக்கோள்களின் பாதைச் சாய்வு சுமார் 65 பாகை, அதனால் அது இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும்.

இன்னொரு விஷயம், சிக்னல் வரும் திசையைப் போன் அளப்பதில்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் பாதைத் தகவலை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் கோணத்தைச் சொல்கிறது. அதனால் சிக்னலே கிடைக்காத செயற்கைக்கோளும் பட்டியலில் வரலாம். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்: சிக்னல் வலிமை 35-க்கு மேல் இருந்தால் பச்சை, 25-க்குக் கீழே இருந்தால் சிவப்பு என்று புள்ளிக்கு வண்ணம் கொடுத்துப் பாருங்கள். என் தாளில் மேற்கே சிவப்பு திட்டாகச் சேர்ந்திருந்தது, நிமிர்ந்து பார்த்தால் அங்கே தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து அடுக்குமாடியும்.

மறுநாள் புதுத் தாளில், முதல் நாள் தொடங்கியதைவிட நான்கு நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். ஜிபிஎஸ் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 11 மணி 58 நிமிடம், இரண்டு சுற்று முடிய 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றவும் அதே நேரம்தான் ஆகிறது. இரண்டு தாள்களையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஜிபிஎஸ் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். குளோனாஸையும் குறித்திருந்தால் அதே எண்ணுள்ள புள்ளி அதே இடத்தில் விழாது, அதற்கு எட்டு நாள் காத்திருக்க வேண்டும்.